முப்பிடாதி திருத்திய வரி

முப்பிடாதி பாடினால் கல்லும் அழும் என்பார்கள். ஒப்பாரி கட்டிப் பாடுவதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ரேடியோவில் பாடினாள், கேசட் வந்தது, விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய்க்கூடப் பாடினாள். எந்த ஊரில் சாவு விழுந்தாலும், பூமாலை வருவதற்கு முன்னால் மைக்செட்டில் அவள் குரல் வந்துவிடும்.

சொல்லுக்குச் சொல் அவளே கட்டியது. கூடப் பாடுகிறவள் ஒரு சொல்லை மாற்றினால் போதும், மேடை என்றும் பாராமல் திருத்துவாள். அந்தக் கர்வம் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

மலையடிவார மடத்துச் சாமியிடம் தீட்சை வாங்கியவள் அவள். சாமி அவளைவிட வயதில் இளையவர். சித்திரைக்குச் சித்திரை வந்து காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவாள். இந்தத் தடவை ஐப்பசியிலேயே வந்தாள். கும்பிடவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

“எம் மகன் செத்துட்டான் சாமி.”

“கேள்விப்பட்டேன், தாயி.”

“எனக்கு அழுக வரல. இன்னைக்கு வரைக்கும் வரல.”

சாமி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அன்னைக்கு மத்தியானம் சாளைமீன் கொழம்பு வச்சேன். ‘மூடி வையும்மா, இந்தா வந்துருதேன்’னு பைக்க எடுத்தான். சாயங்காலம் துணியில சுத்திக் கொண்டாந்தாக.”

“பெறவு?”

“பொம்பளைக கூடி மாரடிச்சாக. யாரு பாட்டப் பாடுவாக? எம் பாட்டத்தான் பாடுனாக. பக்கத்து வீட்டுப் பூலம்மா ஒரு வரியத் தப்பாப் பாடுனா. எம் மகன் தலமாட்டுல இருந்துக்கிட்டு, ‘அது அப்படி இல்லட்டி’ன்னு நான் திருத்துனேன்.”

சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

“எல்லாரும் வாய மூடிட்டாக. அன்னையிலருந்து எம் வீட்டுக்காரர் எங்கூடப் பேசல. அவரச் சொல்லிக் குத்தமில்ல. ஊரையெல்லாம் அழ வச்சேன். பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டு இல்ல. நான் தாய்தானா சாமி?”

“நீ கட்டுன வரி என்ன?”

“‘முத்து வச்ச பல்லக்கு முகம்பாக்கக் காத்திருக்கு.’”

“பல்லக்குப் பாத்திருக்கியா?”

“இல்ல. பாட்டுக்கு எடுப்பா இருந்துச்சு.”

“பூலம்மா என்ன பாடுனா?”

“‘மூடி வச்ச மீன்கொழம்பு’ன்னு பாடுனா. ஒப்பாரியில யாராவது மீன்கொழம்ப வைப்பாகளா?”

சாமி எழுந்து மடத்து அடுக்களைக்குப் போனார். தட்டு போட்டு மூடிய ஒரு சட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“பாடு.”

“இனிமே பாட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“ஒரே வரி.”

அவள் சட்டியைப் பார்க்காமல் பாடினாள். “முத்து வச்ச பல்லக்கு…” தொழில் செய்த தொண்டை. சுருதி இம்மியும் பிசகவில்லை.

“ஒன் வரி வேண்டாம். அவ வரி.”

வாயைத் திறந்தாள். “முத்து வச்ச…” என்றுதான் வந்தது. தலையை உதறிக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். பழகிய நாக்கு பழையபடியே போயிற்று.

சாமி சட்டியைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினார். இப்போது அவள் அதைப் பார்த்தாள்.

“மூடி வச்ச…”

அடுத்த சொல் வரவில்லை. தட்டை யாரோ திறந்துவிடப் போகிறார்கள் என்பதுபோல அவள் கை அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. எந்தச் சாவு வீட்டிலும் அவள் பாடியறியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து கிளம்பிற்று. அதில் ராகமும் இல்லை, சொல்லும் இல்லை. மடத்தில் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

சாமி அவர்களைக் கைகாட்டி நிறுத்தினார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

“இப்பத் திருத்து, தாயி.”