ஈரம் படாத உப்பு

எங்கள் மூவரின் மூளையையும் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டில் கடுகு வைக்கவும் யோசிக்க வேண்டும். மூவரிலும் அதிகம் படித்தவன் நான். ஆகவே சேதத்தில் பெரும்பங்கும் என்னுடையதே.

கனடாவில் குலசிங்கம் அண்ணையின் வீடு ஒரு மேட்டில் இருந்தது. வாசலிலிருந்து தெருவரை சரிவுப் பாதை முழுக்க ஐஸ் உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. அன்று பின்னேரம் அவர் மகள் நளாயினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கோ முழங்காலில் ஒப்பரேஷன் செய்து அதிக காலம் ஆகவில்லை.

"அந்த மனுசி விழுந்தா சம்பந்தமும் விழுந்திடும். உப்புப் போட்டு ஐஸை உருக்கவேணும்," என்றார் அண்ணை.

கடையில் இரண்டு வகை உப்பு இருந்தது. ஒன்றின் பையில் நாய்ப்படம். நாய்க் காலுக்குத் தீங்கு செய்யாதாம்.

"இது நல்ல சாமான் போல கிடக்கு," என்றார் கூட வந்த தில்லையம்பலம்.

"விசர்க் கதை கதையாத. நாய்க்கு இப்ப எங்க போறது? வாற ஆக்கள் மனுசர்," என்றார் அண்ணை.

மற்றதை வாங்கினோம். பையின் முதுகில் இருந்ததை நான் கண்ணாடி போட்டு வாசித்தேன்: ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

தில்லையம்பலம் திடுக்கிட்டார். "ஐஸ் ஈரமெல்லோ?"

"உறைஞ்சாலும் நீர் நீர்தான்," என்றேன், பழைய உரையாசிரியரைப் போல.

ஆகவே ஐஸின்மேல் தண்ணீர் புகாத ஒரு தறப்பாளை விரித்து, அதன்மேல் உப்பைப் பரவினோம். ஐஸ் கீழே, உப்பு மேலே. ஒரு துளி ஈரமில்லை.

கார் வந்தது. மாப்பிள்ளையின் தாய் இறங்கிக் காலைத் தூக்கினார்.

"ஐயோ, உப்பை மிதிக்கப் போறா! லட்சுமியெல்லோ!" என்று கத்தினார் தில்லையம்பலம்.

பாவம் செய்ய இருந்தோம். மூவரும் தறப்பாளை உப்போடு பக்குவமாக மடித்துத் தூக்கி ஓரத்தில் வைத்தோம்.

"இப்ப பயப்படாம வாங்கோ," என்றார் அண்ணை.

அந்த அம்மா நாலடி ஏறினார். பிறகு இறங்கினார், நடந்து அல்ல. பின்னால் வந்த கணவரையும் மாப்பிள்ளையையும் வாரிக்கொண்டு போனார். தூக்கிவிட ஓடினோம், அதாவது, ஓட நினைத்தோம். கடைசியில் ஆறு பேரும் கார்ச் சில்லோடு சாய்ந்து கிடந்தோம்.

அம்மா முழங்காலைத் தடவிப் பார்த்தார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் அந்த உப்பை எடுத்தனீங்கள்?"

"நீங்கள் மிதிக்கக் கூடாதெண்டு, அம்மா."

அவர் யோசித்தார். "மரியாதை தெரிஞ்ச குடும்பம். பொம்பிளையை வரச் சொல்லுங்கோ."

நளாயினி தேநீர்த் தட்டோடு வாசலில் தோன்றினாள். இறங்கி வர நேரம் எடுக்கவில்லை. தேநீர் முதலில் வந்தது, பிறகு அவள்.

வைகாசியில் கல்யாணம். அதற்குள் பாதையில் இருந்த ஐஸ் முழுவதும் போய்விட்டது. தறப்பாளைத் திறந்து பார்த்தோம். உப்பு ஒரு பிடிகூடக் குறையவில்லை! இப்படிச் செலவே ஆகாமல் வேலை செய்கிற உப்பு வேறெங்கும் கிடையாது என்று காண்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறோம்.