எனக்கும் ஓர் இலை

"அம்மா, எழுந்து போயிட்டாங்க."

தில்லைநாயகம் வாசற்படி ஏறினதும் சொன்ன முதல் பேச்சு இதுதான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

கமலவேணி அம்மாள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"எல்லாரும்தான். புதுப் பாட்டை ஆரம்பிச்சேன், நாற்காலி நகர்ற சத்தம்தான் கேட்டுச்சு. முந்நூறு பேர் இருந்த இடத்துல நாப்பது பேர். அதுலயும் பத்துப் பேர் தூக்கம்."

"தூங்கினவங்களை எண்ணிக்கிட்டா இருந்தே?"

"ஆமா."

"அப்போ பாடினது யாரு?"

தில்லை திரும்பிப் போய்ச் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்மாளிடம் முப்பது வருஷமாகப் பாட்டு. அம்மாளுக்குக் குரல் போய் எட்டு வருஷம் ஆகிறது. பேச்சே காற்றாகத்தான் வரும். அதிலிருந்து அந்த ஊர் நாலு நாள் இசை விழா அவன் தலையில். யாரைக் கூப்பிடுவது, என்ன பாடச் சொல்வது எல்லாம் அவன் பாடு. சாயங்காலம் ஆறு மணிக் கச்சேரி மட்டும் குரு வீட்டுக் கச்சேரி. நாலு நாளும் அதை அவனே பாட வேண்டும்.

விழாக் குழுவில் தெரிந்த பாட்டையே பாடு என்றார்கள். அவன் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது.

காரணத்தின் பெயர் அப்பாக்குட்டி.

விழா மண்டபத்துக்குப் பின்னால் கேன்டீன் நடத்துகிறவர். முப்பது வருஷமாக மாவாட்டிக்கொண்டும் பாத்திரம் துலக்கிக்கொண்டும் காதால் கேட்டே பாட்டுப் பிடித்தவர். யாருக்கும் தெரியாமல் கல்யாணி ராகத்தில் தானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். போன ஆடியில் அதை தில்லைக்குப் பாடிக் காட்டினார். அவன் முகத்தைப் பார்க்க வெட்கம். அடுப்பைப் பார்த்துப் பாடினார்.

*எனக்கும் ஓர் இலை போடம்மா — ஊருக்கெல்லாம்
பரிமாறி நின்றேன் பசியோடு.*

"எனக்கு மூட்டு போச்சு தம்பி. இந்த வருஷத்தோட சரி. பொண்ணு சூரத்துக்கு வந்துடுங்குது. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, சனம் உக்காந்திருக்க, அதை நீ பாடி நான் கேக்கணும். பேரு கீரு ஒண்ணும் சொல்ல வேணாம்."

தில்லை அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

முதல் நாள் பாடிவிட்டான். நடந்தது இது.

"இப்போ என்னம்மா செய்ய?"

அம்மாள் கீரைக் காம்பை ஓரமாகத் தள்ளினார்.

"போய் ஒரு காபி வாங்கிட்டு வா."

"உள்ளே போட்டுத் தரட்டுமா?"

"கேன்டீன் காபி."

•

கேன்டீனில் அப்பாக்குட்டி ஈரத்துணியால் மேஜை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து பாடினேனே, கேட்டீங்களா?"

"எங்க தம்பி கேக்க?" அவர் சிரித்தார். "நீ எடுத்தே. சனம் மொத்தமும் இங்க வந்துருச்சு. 'எனக்கும் ஒரு காபி, எனக்கும் ஒரு காபி'ன்னு ஒரே கூச்சல். எம் பாட்டுல 'எனக்கும்' மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு."

தில்லையால் சிரிக்க முடியவில்லை. காபியை வாங்கிக்கொண்டு வந்தான்.

அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

•

இரண்டாம் நாள் அவன் வேறு வழி பார்த்தான்.

மதியமே ஒரு பெட்டி வைத்து, வேண்டிய பாட்டைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொன்னான். வந்த சீட்டையெல்லாம் அடுக்கி, அதையே வரிசையாகப் பாடினான். ஒரு புதுப் பாட்டு கிடையாது.

மண்டபம் வழிந்தது. அவன் வாய் திறக்கும் முன்னே சனம் வாய் திறந்தது. ஒரு அடி எடுத்தால் அடுத்த அடி கீழேயிருந்து வந்தது. கைதட்டல் ஓயவில்லை. குழுத் தலைவர் பொன்னாடையோடு மேடைக்கே ஏறிவிட்டார்.

காலையில் அம்மாளிடம் போனான்.

"நேத்து ஒருத்தர்கூட எழுந்து போகலைம்மா."

"நீ போயிட்டியே."

தில்லைக்குப் புரியவில்லை.

"நாலாவது பாட்டுலயே எழுந்து போயிட்டே. உன் தொண்டை மட்டும் உக்காந்திருந்தது. எனக்குக் குரல்தான் போச்சு, காது போகலை." அவர் டம்ளரை நீட்டினார். "போய் காபி வாங்கிட்டு வா."

அப்பாக்குட்டி அன்றைக்குத் தெளிவாக இருந்தார். முதல் நாள் கூட்டத்தில் இடுப்பொடிந்தவர், நேற்று சும்மாவே உட்கார்ந்திருந்தாராம்.

"நேத்து அத்தனையும் கேட்டேன் தம்பி. ஒண்ணு விடலை. நல்லா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "நம்மது வரலை. அதனால என்ன? பரவாயில்லை."

அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டுக்கொண்டு வருவதற்குக் காபியே வாங்காமல் வந்திருக்கலாம் என்று தோன்றியது தில்லைக்கு.

•

மூன்றாம் நாள் அவனுக்குக் கோபம் வந்தது. தெரியாததால்தானே எழுந்து போகிறார்கள், தெரிய வைத்துவிட்டுப் பாடுவோம் என்று முடிவு செய்தான்.

மைக்கைப் பிடித்தான்.

"அடுத்து ஓர் அபூர்வமான பாடல். வேறு யாரும் மேடையில் பாடாதது. இதன் அமைப்பு எப்படி என்றால்..."

பத்து நிமிஷம் சொன்னான். ராகம் சொன்னான், தாளம் சொன்னான், பொருள் சொன்னான். ரசிகர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னான்.

பாட வாயெடுத்தபோது முன்வரிசையில் ஐந்து பேர்தான் மிச்சம். அதில் அம்மாள் ஒருவர். இன்னொருவர் ஸ்பீக்கர்காரர்.

மறுநாள் விடிந்ததும் வந்து, தரையில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"இன்னைக்குக் கடைசி நாள்மா. நாளன்னிக்கு ரயில் அவருக்கு. நான் கையடிச்சுக் கொடுத்தேன்."

அம்மாள் அவன் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பிறகு சொன்னார்.

"போய்..."

"காபி வாங்கிட்டு வரேன்." அவனே எழுந்தான்.

"வாங்கிட்டு வர வேணாம். அங்கேயே உக்காந்து குடி."

•

காலைப் பலகாரக் கூட்டம். தில்லை மூலை மேஜையில் உட்கார்ந்தான்.

அப்பாக்குட்டி காலை இழுத்து இழுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. இலை ஓரத்தில் யாரும் கேட்காமலே கறுப்பாக ஏதோ ஒரு கரண்டி.

எதிரே உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை மரியசூசை முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, தார் ரோடு போடுறியா?"

"தொட்டுக்குங்க முதலாளி."

"என்னன்னு சொல்லு."

"இட்லி நல்லா இருக்கா?"

"இட்லிக்கு என்ன, உன் இட்லியை யாரு குத்தம் சொன்னா?"

"அதோட லேசா தொட்டுக்குங்க."

மரியசூசை தொட்டார். இன்னொரு தரம் தொட்டார். பேச்சு நின்றது. இலை ஓரம் மறுபடி பச்சையானது.

"இன்னும் கொஞ்சம் போடு. என்னய்யா இது?"

"பிரண்டைத் துவையல்."

"பிரண்டையா! அது அரிக்குமேய்யா! எங்க வீட்டுல பேரைச் சொன்னாலே எழுந்து ஓடுவேன்."

"அதான் சொல்லலை."

மேஜையே சிரித்தது. மரியசூசையும் சிரித்துக்கொண்டே இரண்டாம் கரண்டியைத் துடைத்தார்.

கூட்டம் குறைந்தபின் அப்பாக்குட்டி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து தில்லை பார்த்ததே இல்லை.

"நேத்து உங்களுக்கு ரொம்ப வேலை, இல்லையாண்ணே?"

"வேலைதான். ஆனா தட்டுக்கெட்டுப் போகலை. பாலை முன்னாடியே ஏத்திட்டேன்ல."

"எப்படித் தெரியும் கூட்டம் வரும்னு?"

"நீதானே தம்பி சொல்றே."

"நானா?"

"ஸ்பீக்கர்ல 'அபூர்வம்'னு ஒரு சொல்லு வரும். உடனே பாலை ஏத்திடுவேன். அது பொங்கி வர்றதுக்கும் சனம் வந்து சேர்றதுக்கும் சரியா இருக்கும். மிருதங்கத் தனி ஆரம்பிச்சாலும் அப்படித்தான். ஆனா மிருதங்கத்துக்குப் பாதிப் பேர்தான் வருவாங்க. 'அபூர்வ'த்துக்கு மொத்தமும் வரும்." அவர் பெருமையாகச் சொன்னார். "முப்பது வருஷத்துல ஒரு தடவை தப்பினதில்லை."

தில்லை அவரையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லைண்ணே. எனக்கும் ரெண்டு இட்லி போடுங்க. துவையலோட."

•

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. கேன்டீன் பக்கத்துக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தான் தில்லை.

முதலில் எல்லாருக்கும் பழகின பாட்டு ஒன்று. சனம் தாளம் போட்டது. இன்னொன்று. சிலர் கூடவே முணுமுணுத்தார்கள். தில்லை இம்முறை அவர்களுக்கு முன்னாலேயே போய் நின்று, அந்தப் பழைய பாட்டுக்குள் இருந்த ஒரு வளைவைச் சற்று மெல்ல இழுத்துக் காட்டினான். முணுமுணுத்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பிறகு கல்யாணியை எடுத்தான்.

மைக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ராகம் விரிந்தது. மரியசூசை பக்கத்து ஆளிடம் குனிந்து, வழக்கமாக இந்த இடத்தில் வரும் பாட்டின் பெயரைச் சொன்னார். பக்கத்து ஆள் தலையாட்டினார். இருவரும் தொடையில் தாளத்துக்குக் கையை வைத்துக்கொண்டு தயாரானார்கள்.

*எனக்கும் ஓர் இலை போடம்மா...*

மரியசூசையின் கை ஒரு நொடி நின்றது.

வயலின்காரர் முதல் தடவை பின்னாலேயே நிழல் மாதிரி வந்தார். தில்லை அதே அடியை இன்னொரு தரம் பாடினான். இரண்டாம் தடவை வயலின் அதைக் கையில் வாங்கிக்கொண்டது. மரியசூசையின் கை மறுபடி தாளம் போட ஆரம்பித்தது.

மூன்றாம் தடவை, பின்வரிசையில் எங்கேயோ ஒரு பெண் குரல், மெல்ல, தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வது போல, "இலை போடம்மா" என்றது.

ஒரு நாற்காலியும் நகரவில்லை.

கேன்டீனில், கல்யாணி முடிந்து மிருதங்கத் தனி வரும் என்று கணக்குப் பண்ணிப் பாலை ஏற்றியிருந்தார் அப்பாக்குட்டி. டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆள் ஒருவரும் வரவில்லை. முப்பது வருஷத்தில் அந்த நேரத்தில் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

அப்போதுதான் அது அவர் காதில் விழுந்தது.

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கதவுவரை வந்தார். அதற்குமேல் வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார்.

*ஊருக்கெல்லாம் பரிமாறி நின்றேன்...*

முன்வரிசையில் இருந்த கமலவேணி அம்மாள் திரும்பினார். தன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காலியான நாற்காலியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

அப்பாக்குட்டி தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

அம்மாள் மறுபடி தட்டினார்.

அவர் மூட்டைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். அத்தனை பேர் நடுவே, நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். அடுத்த அடியை தில்லை அவரைப் பார்த்துப் பாடினான்.

பின்னாலிருந்து ஏதோ காந்துகிற வாசனை வந்தது. அப்பாக்குட்டி பதறி எழப் பார்த்தார்.

"அம்மா, அடுப்புல பால்..."

கமலவேணி அம்மாள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பொங்கட்டும்."