பரங்கிக்காய்தான் பேசுகிறேன்

சலவைக்கு வந்த விடுதிப் பிள்ளைகளின் வெள்ளைக் கோட்டுகளை மடிக்கும்போது பைக்குள் கை விட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம். ஹேர்பின் இருக்கும், மிட்டாய்த்தாள் இருக்கும். ஒருதரம் ஒரு போனே இருந்தது. அந்தப் பிள்ளை ஓடி வந்து வாங்கிப் போகிற வரைக்கும் அது தன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே கிடந்தது. யாரைத்தான் அப்படிக் கூப்பிட்டதோ. இன்றைக்கும் கோட்டுதான் மடிக்கிறேன். மடிக்க மடிக்க அந்தப் போனுக்கு ஒரு கதை வந்துவிட்டது.

ஒரு காலேஜில் மல்லிகை இல்லம் என்று ஒரு பெண்கள் விடுதி இருந்தது. அதன் நடையில், சுவரின் உச்சியில், இரண்டு கொம்பு வைத்த வைஃபை பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. விடுதிப் பெயர்தான் அதற்கும் பெயர். மல்லிகை.

மல்லிகை கறார்க்காரி. யார் புதிதாக வந்தாலும் அவரவர் பாஸ்வேர்டைக் கேட்பாள். சில இணையதளங்களின் கதவுகளைத் திறக்கவே மாட்டாள். ஒரே பிள்ளை படம் படமாக இறக்கினால், "மத்தவங்களும் படிக்கணும்ல" என்று அவளுக்கு மட்டும் மெல்ல விடுவாள். அதனால் பிள்ளைகள் அவளை வார்டனுக்குச் சொந்தக்காரி என்று கேலி பேசினார்கள்.

அங்கே நர்சிங் படிக்கிற நிலோபரிடம் ஒரு போன் இருந்தது. எதையும் எட்டிப் பார்க்கிற குணம் அதற்கு. வாய் சும்மா இராது. எங்கே போனாலும், "மல்லிகை, இருக்கியா? மல்லிகை, இருக்கியா?" என்று கூப்பிட்டுக்கொண்டே போகும்.

அந்தப் போனுக்குள்ளே பாஸ்வேர்டு குடியிருந்தது. நிலோபருடைய தம்பியின் செல்லப் பெயரும் அவன் பிறந்த வருசமும் சேர்ந்த சொல் அது. மல்லிகைக்கும் அதே சொல்தான், காலேஜ் மெயிலுக்கும் அதே சொல்தான்.

"ஏன் இப்படிக் கத்துறே?" என்று பாஸ்வேர்டு கேட்கும்.

"கூப்பிட்டாத்தானே வருவா."

"யாரைத் தேடுறோம்னு ஊருக்கே சொல்லணுமா?"

"நீ பேசாம உள்ளயே கிட. உனக்கென்ன தெரியும் வெளியுலகம்."

ஒரு சாயங்காலம் நிலோபரும், கூட இருக்கிற கோமதியும் கேட்டுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி இருக்கிற டீக்கடைக்குப் போனார்கள். போன் வழக்கம்போலக் கூப்பிட்டது.

"மல்லிகை, இருக்கியா?"

"ஆமா, மல்லிகைதான் பேசுறேன்" என்றது ஒரு குரல்.

போனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ரோட்டைத் தாண்டிக்கூட வருவியா நீ?"

"உனக்காகத்தான் வந்தேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"கொஞ்சம் ஜலதோஷம். சரி, சொல்லைச் சொல்லு. உள்ளே விடுறேன்."

பாஸ்வேர்டு போனைப் பிடித்து இழுத்தது. "இரு இரு. அவளா வந்து தன் பேரைச் சொன்னாளா? நீதானே முதல்ல சொன்னே."

"சும்மா சந்தேகப்படாதே. நேத்து ராத்திரி தங்கின வீட்டுக்காரிகிட்டயே யாருன்னு கேப்பியா?"

"குரல் மாறியிருந்தா கேப்பேன். மல்லிகைக்கு என்னைத் தெரியும், நாளுக்கொருதரம் கேக்கமாட்டா. இவ எதுக்குப் புதுசா கேக்குறா?"

போன் நிலோபரிடம் ஒரு பக்கத்தைக் காட்டிப் பாஸ்வேர்டு கேட்டது. அவள் கோமதியிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலேயே அடித்துக் கொடுத்தாள். பாஸ்வேர்டு போனைவிட்டு இறங்கிப் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனது.

"ஒருத்தர்கிட்ட இருக்கிற வரைக்கும்தான் நான் ரகசியம். இனிமே நான் வெறும் சொல்லு."

மறுநாள் காலையில் வகுப்பில் இருந்த எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. செல்வராணி என்ற பிள்ளையைப் பற்றி அசிங்கமாக நாலு வரி. அனுப்பினது நிலோபர் என்று இருந்தது. செல்வராணி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே வரவில்லை.

வார்டன் கிரேஸ் மேடம் நிலோபரைக் கூப்பிட்டார்.

"நான் அனுப்பலை மேடம்."

"உன் பேரு, உன் பாஸ்வேர்டு. வேற யாரு அனுப்புவா? நாளைக்கு உங்க வாப்பாவை வரச் சொல்லு."

நிலோபருடைய வாப்பா முதலிலேயே விடுதி வேண்டாம் என்றவர். உம்மா கெஞ்சித்தான் அனுப்பினாள். அவர் வந்தால் பெட்டியையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவார். அதோடு படிப்பு முடிந்தது.

நிலோபர் கட்டிலில் விழுந்து அழுதாள். தலையணைக்கு அடியில் கிடந்த போனுக்கு அவள் அழுகிறது கேட்டது. முதன்முறையாக அது சத்தம் போடாமல், நடையில் இருந்த மல்லிகையிடம் பேசியது.

"நேத்து டீக்கடைக்கு நீ வரவே இல்லையா?"

"எனக்குக் காலா இருக்கு? சுவர்ல ஆணியடிச்சு வச்சிருக்காங்க. கேட்டைத் தாண்டி என் சத்தமே போகாது."

"அப்ப அது யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும். நீ எப்படிக் கேட்டே?"

"மல்லிகை, இருக்கியான்னு."

மல்லிகையின் விளக்குகள் கொஞ்ச நேரம் மினுக்கின. "அப்ப வேற பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா?"

போனுக்கு அது வேடிக்கையான கேள்வியாக இருந்தது. அதே கேள்வியைத்தான் அந்த நேரம் கோமதியும் கேட்டாள். டீக்கடையில் நிலோபர் எதையோ அடித்துக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருந்தது.

"ஏ பிள்ளே, அங்க எப்படி மல்லிகை வரும்? வேற பேரைச் சொன்னாலும் வந்துருமோ? எந்திரி. வார்டனையும் கூட்டிட்டுப் போவோம்."

டீக்கடைக்குக் கூப்பிட்டதும், "டீ வாங்கித் தர்றதுக்கா?" என்றார் கிரேஸ் மேடம்.

"வாங்கித் தர்றோம் மேடம். வாங்க."

டீக்கடையில் கோமதி போனை வாங்கினாள். அதில் புதிதாக ஒரு வைஃபை பெயரை எழுதினாள். பரங்கிக்காய்.

"இப்படி ஒரு பேரு உலகத்துல எங்கயாவது இருக்குமா மேடம்?"

"உங்க வீட்டுல வேணா இருக்கும்."

போனுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கூப்பிட்டது. "பரங்கிக்காய், இருக்கியா?"

"ஆமா" என்றது அந்தக் குரல். "பரங்கிக்காய்தான் பேசுறேன். சொல்லைச் சொல்லு."

போனின் முகத்தில், பரங்கிக்காயோடு சேர்ந்துவிட்டதாக எழுத்து வந்தது. கிரேஸ் மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் பார்த்தார். பிறகு தன்னுடைய போனையும் எடுத்துப் பார்த்தார். அதில் மல்லிகை என்று இருந்தது. அவர் போனும் அதுவரை யாரோடோ பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மூலை பெஞ்சில் பையை மடியில் வைத்திருந்த ஒருத்தன் டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். அந்தப் பையில்தான் கள்ளப் பெட்டி இருந்திருக்கிறது. அது போன உடனே பரங்கிக்காயும் போய்விட்டது, மல்லிகையும் போய்விட்டது.

கிரேஸ் மேடம் அங்கிருந்தே காலேஜுக்கும் போலீசுக்கும் பேசினார். பிறகு நிலோபரைப் பார்த்தார்.

"வாப்பா வர வேண்டாம். ஆனா சொல்லைத் தூக்கிக் கொடுத்தது நீதானே. செல்வராணிகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன்."

நிலோபர் போனாள். செல்வராணி கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. ஆனால் திறந்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அன்றைக்கு ராத்திரி சாப்பிட வந்தார்கள்.

அதற்குள் போனில் புது பாஸ்வேர்டு குடிவந்திருந்தது. இது நீளமான சொல், தம்பிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெயிலுக்கு வேறொன்று. புதுசு என்பதால் அது யாரோடும் பேசாமல் மூலையில் இருந்தது.

"பயமா இருக்கா?" என்று போன் கேட்டது.

"உன்னைப் பத்தித்தான் பயம். வாசல்ல சத்தம் கேட்டா நீ என்ன கேப்பே?"

போன் யோசித்தது. "மல்லிகையான்னு கேக்கமாட்டேன். யாருன்னு மட்டும்தான் கேப்பேன். பேரை அவங்க சொல்லட்டும்."

இதைப் போனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நம் வாய்க்குத்தான் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. கதவைத் தட்டினால், யாரு, மதினியா என்று நாமே பேரையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஆமா என்று சொல்ல யாருக்குத்தான் கஷ்டம். இப்போதுகூடப் பாருங்கள், வாசலில் யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள், யாரு, செய்யது மதினியா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் யாரு என்று மட்டும்தான் கேட்கிறேன்.