முதல் தண்ணீரைத் தேடிய நண்டம்மா

மலையடிவாரத்து ஓடை கோடையில் நூலாய் இளைத்துவிட்டது. ஓடை வந்து விழும் மடுவில் இப்போது சாண் ஆழம்தான் தண்ணீர். அதில் ஒரு தவளை, ஓர் ஆமை, ஒரு நண்டு. நண்டம்மாவின் வயிற்றடியில், பொரித்து இரண்டே நாளான குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மடு வற்றினால் அவை பிழைக்கா.

தவளையாருக்கும் ஆமையாருக்கும் அந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு விவாதம் இருந்தது.

“இந்தத் தண்ணியை மேல இருக்கிற தண்ணி தள்ளுது. அதை அதுக்கும் மேல இருக்கிறது தள்ளுது. அப்போ முதல் தண்ணின்னு ஒண்ணு இருந்தே தீரணும்! அதைக் கொடுக்கிறவர்தான் கடவுள்!” என்றார் தவளையார்.

“முதலாவது, முடிவாவது! தள்ளிக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான். சரி, உன் கடவுளைக் கொடுத்தது யாரு?” என்றார் ஆமையார்.

நண்டுக்குத் தலை தனியாகக் கிடையாது. இருந்திருந்தால் சுற்றியிருக்கும்.

“தவளையண்ணே, முதல் தண்ணி நிஜமாவே இருக்குன்னா வாங்க, போய்ப் பார்த்துடலாம். என் பிள்ளைங்களும் பிழைக்கும்!”

“அதான் நிரூபிச்சாச்சே, நண்டம்மா! அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?”

“ஆமையண்ணே, நீங்களாவது?”

“இல்லாததைத் தேடி எவன் மலையேறுவான்!”

நண்டம்மா தனியாகக் கிளம்பினாள். பாறை சுட்டது. கல்லிடுக்கில் சிக்கி ஒரு கால் ஒடிந்தது. பாதி வழியில் ஓடையே பாறைக்கடியில் மறைந்துபோனது. ‘ஆமையண்ணன் சொன்னதுதான் சரியோ!’ ஆனால் கால்நுனியில் கொஞ்சம் ஈரம் தட்டியது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினாள்.

மூன்றாம் நாள் விடியலில் உச்சி வந்தது. அங்கே ஊற்று இல்லை, குளம் இல்லை, குடத்தோடு யாரும் நிற்கவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல். மேகம் இறங்கி வந்து புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புல்நுனியிலும் ஒரு துளி திரண்டது, கனத்தது, விழுந்தது. கோடிக் கோடித் துளிகள்! எது முதல் துளி? எல்லாமே முதல் துளிதான்! சத்தமே இல்லாமல் அங்கே ஓடை பிறந்துகொண்டிருந்தது.

“இதையெல்லாம் கொடுக்கிற நீ யாரு?” என்று கேட்கத்தான் நண்டம்மா வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. இத்தனை பெரிய கருணைக்கு முன்னால் தான் எவ்வளவு சின்னவள் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் புல்லடித் தண்ணீரில் விளையாடின.

கீழே மடு வற்றி, சேறும் வெடித்துவிட்டது. தவளையாரும் ஆமையாரும் ஆளுக்கொரு பக்கம் மண்ணுக்குள் புதைந்துகொண்டு, உள்ளிருந்தே கத்தினார்கள். “உண்டு!” “இல்லை!”

கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடி ஜெயிப்பதைவிட, தேடிப் போய் வாயடைத்து நிற்பதே மேல்.