முதுகு மட்டும் வரைகிறவர்

கோமதிநாயகம் சார் மூன்று மாதம் ஏமாந்த கதை இது. சிரிப்பு உண்டு. ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். ஏமாந்தவரே இன்னும் சிரிக்கவில்லை. அவருக்கு முந்தி நாம் சிரிப்பது மரியாதை ஆகாது.

சார் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். முப்பத்தாறு வருஷம் கரும்பலகையில் மாம்பழம், குடம், கிளி என்று வரைந்தவர். அவருடைய மாம்பழத்தில் யாரும் குறை கண்டதில்லை. குறை காணும் அளவுக்கு யாரும் அதை நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அறுபத்தொன்றாம் வயதில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் ஓவியக் கண்காட்சி. அங்கே ஒரு படம். வெள்ளை வெளேரென்று உப்பளம். நடுவே வரப்புபோல ஒற்றைக் கரை. கரைமேல் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகு காட்டி நிற்கிறாள்.

பக்கத்தில் நின்ற விமர்சகர் மூக்கால் பேசினார். "முதுகு என்பது மறுப்பு. வெண்மை என்பது மௌனத்தின் பேரோசை."

சார் அதைக் குறித்துக்கொண்டார். புரியவில்லை. மழை விட்டது, அவர் நகரவில்லை. காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிய பிறகுதான் கன்னம் ஈரமாக இருப்பது தெரிந்தது.

படத்தின் மூலையில் 'சிங்கராயர்' என்று இருந்தது.

ஓசூரில் மகன் காத்திருந்தான். ஆறாவது மாடி வீடு. மருமகளுக்குப் பெயிண்ட் வாடை ஆகாது. "தூரிகையெல்லாம் யாருக்காவது குடுத்துட்டு வந்துடுங்கப்பா."

சார் மூன்று மாதம் கேட்டார். அதற்குள் ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். இப்படி ஒரு படம் எங்கிருந்து வருகிறது? அது தெரிந்தால் தானும் ஒன்று, ஒன்றே ஒன்று, வரைந்துவிட்டுப் போகலாம்.

சிங்கராயரின் வீடு உப்பளத்தின் கடைக்கோடியில் இருந்தது. பழைய உப்புக் கிடங்கு. சாலையிலிருந்து ஒரே கரை, அரை மணி நடை. வழியில் மரமில்லை, செடியில்லை. வருகிறவர் புள்ளியாய்த் தோன்றி ஆளாவார். போகிறவர் ஆளாய்க் கிளம்பிப் புள்ளியாவார்.

குருவுக்கு வயது நாற்பத்திரண்டுதான். சார் காலில் விழுந்தார்.

"ஐயையோ, எந்திரிங்க சார்!"

"குருவே, ஞானத்துக்கு வயசு ஏது?"

"ஞானத்துக்கு இல்ல சார், இடுப்புக்கு இருக்கு. பிடிச்சுக்கிட்டா தூக்கிவிட இங்க வேற ஆள் இல்ல."

சார் அங்கேயே பாய் விரித்துத் தங்கிவிட்டார். உள்ளே நாற்பது படங்கள். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்த ஒருவன், குடை பிடித்த கிழவர், சைக்கிளைத் தள்ளும் பையன். எல்லாம் முதுகு.

"குருவே, ஒரு முகம்கூட இல்லையே?"

"மூக்கு வராது சார்."

நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார். சார் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? வாத்தியார் ஆயிற்றே! பத்தே நாளில் நூற்று நாற்பது மூக்கு வரைந்து பாடம் நடத்த உட்கார்ந்துவிட்டார்.

குரு ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். "இது யாரு?"

"கல்வி அதிகாரி, எங்க டி.இ.ஓ."

"ரொம்பக் கோபக்காரரோ?"

"மூக்கு மட்டும்தானே போட்டிருக்கேன்?"

"அதுலயே தெரியுது சார்."

நூற்று நாற்பதையும் சுவரில் ஒட்டிவைத்து ரசித்தார். ஆனால் தூரிகையைத் தொடவில்லை.

"எப்போ வரைவீங்க குருவே?"

"தெக்கத்திக் காத்து வரட்டும்."

வந்தது. சார் பாயைவிட்டு எழுந்து ஓடினார்.

"இது தென்கிழக்கு சார்," என்றார் குரு.

இன்னொரு நாள், "வரையற கித்தான் புதுசு. ஆள் பழகல. கூச்சப்படுது," என்றார். சார் நான்கு நாள் அந்தக் கித்தானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகினார். பேச்சுக்கூடக் கொடுத்துப் பார்த்தார்.

இதற்கு நடுவே குரு சாளைமீன் குழம்பு வைத்தார். தாயம் ஆடினார். கள்ள ஆட்டம் ஆடி ஜெயித்தார். சார் எழுந்தால், "இன்னொரு ஆட்டம் சார்," என்று சேலைத் தலைப்பைப் பிடிக்கும் பிள்ளைபோல வேட்டியைப் பிடித்தார்.

ஒருமுறை சார் தந்திரமாகக் கேட்டார். "இவங்க எல்லாரும் எதைப் பாக்குறாங்க?"

"தெரியாது சார். நான் இந்தப் பக்கம்ல நின்னேன்."

'குரு இந்தப் பக்கம்' என்று சார் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. ஓசூரிலிருந்து போன் வந்தது. சார் பையைக் கட்டினார். கட்டும்போதே பொங்கிவிட்டது. குரு போய் வெறும் சிங்கராயர் ஆனார்.

"ஓய் சிங்கராயரே! மூணு மாசம் வே! ஒரு கோடு போட்டீரா? ஒரு உண்மை சொன்னீரா?"

"சார்..."

"நான் ஆறாவது மாடியில சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சாகப்போற ஆளு. எங்கிட்டயா உமக்குக் கேலி?"

சிங்கராயர் தலை குனிந்துகொண்டார். "காப்பி குடிச்சிட்டுப் போகலாமே?"

"பஸ் போயிரும்."

"அடுத்த பஸ்?"

"அதுவும் போயிரும்!"

சார் நடந்தார். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. இருநூறு அடி போயிருப்பார். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். பிறகு அது நின்றது.

"சார், நில்லுங்க! திரும்பாதீங்க!"

முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளை அதட்டி நிறுத்தியவர், ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றார்.

காகிதம் படபடத்தது. பிறகு பென்சில். மூன்று மாதமாக எந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தாரோ, அந்தச் சத்தம்.

முன்னால் வெறும் வெள்ளை. ஒற்றைக் கரை. சார் கூர்ந்து பார்த்தார். இந்த இடத்தை அவர் பார்த்திருக்கிறார். படத்தில்.

"குருவே..." குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பச்சைச் சேலை யாரு?"

"வீட்டுக்காரி."

"கையில?"

"மக. அப்போ நாலு வயசு."

"டிரங்குப் பெட்டி?"

"தம்பி. துபாய் போனான்."

பென்சில் ஓடியது.

"அந்தம்மாவைக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன் சார். நின்னா." பென்சில் நின்று, மறுபடி ஓடியது. "திரும்பல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. அதை வரைஞ்சேன்."

காற்று உப்பை வாரிக்கொண்டு வந்தது. தெற்கா தென்கிழக்கா என்று சார் பார்க்கவில்லை.

"அப்போ காத்து வரணும்னு சொன்னது?"

"பொய் சார்."

"கித்தான் கூச்சப்பட்டது?"

"பொய்தான் சார்."

சாரின் தோள் குலுங்கத் தொடங்கியது. பின்னாலிருந்து பார்த்தால் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. முன்னால் நின்று பார்க்க அங்கே யாரும் இல்லை. நான் சொல்கிறேன், சிரிப்புதான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு.

"ஆடாதீங்க சார். கோடு கோணுது."

"பின்ன ஏன் வே, இந்த மூணு மாசமும் ஒரு கோடுகூடப் போடாம இருந்தீரு?"

"நீங்கதான் இருந்தீங்களே சார்."