கரடியை விரட்டிய பட்டாபிஷேகத் துப்பாக்கி

நெடுங்காட்டுப் பாளையத்தை ஆண்ட கதிரப்ப நாயக்கருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எது நடந்தாலும் அதன் நினைவாக ஒரு துப்பாக்கி செய்துவிடுவார். பட்டம் சூட்டியதற்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கிடாச் சண்டையில் ஜெயித்ததற்குக்கூட ஒன்று! வெள்ளிப் பூண், தந்தம் பதித்த கட்டை, நடந்ததை எழுத்தாக வெட்டிய குழல். ஆனால் ஒன்றையும் சுடக் கூடாது. சுட்டால் மதிப்புப் போய்விடும் என்பார் நோட்டக்காரர் அம்பலவாணர். அரண்மனைப் பொருளுக்கெல்லாம் விலை குறிக்கிறவர் அவர்தான். மன்னருக்கு அவர் சொன்னால் வேதவாக்கு.

ஒருநாள் துப்பாக்கிகளைத் தோட்டத்து வெயிலில் காட்டிக்கொண்டிருந்தான் காவலன் இருளாண்டி. பார்வையிட மன்னர் தனியே வந்தார். பலாப்பழ வாசனைக்குக் கரடியும் வந்தது. மன்னர் பலா மரத்தில் தாவி ஏறினார். கரடிக்கும் மரம் ஏறத் தெரியும் என்பது பாதி ஏறிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"சுடுடா!" என்று அலறினார். இருளாண்டி கைக்கு அகப்பட்டதை எடுத்து, மடியிலிருந்த வெடிமருந்தைக் கெட்டித்து, வானத்தைப் பார்த்து வெடித்தான். கரடி ஓட்டம் பிடித்தது. மன்னர் இறங்கி வந்து பார்த்தால், அவன் கையில் பட்டாபிஷேகத் துப்பாக்கி!

"இனி இது பழைய இரும்பு விலைதான்" என்று உதட்டைப் பிதுக்கினார் அம்பலவாணர். மன்னருக்கு வந்ததே கோபம்! இருளாண்டி குடும்பத்தோடு பாளையத்தை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. உயிரைக் காத்தவனுக்கு இதுவா கூலி? கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது.

இருளாண்டி, மன்னரின் மதியூகி தாண்டவராயனிடம் ஓடினான். "சாமி, புள்ளகுட்டியோட நான் எங்க போவேன்?"

நடந்ததை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டான் தாண்டவராயன். "மரம் ஏறியதை வேறு யாரிடமாவது சொன்னாயா?"

"மூச்சு விடல சாமி."

மறுநாள் இருளாண்டியையும், எழுத்து வெட்டும் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தான் தாண்டவராயன். கையில் அந்தத் துப்பாக்கி.

"நோட்டக்காரரே, இதில் 'மகாராஜாவின் உயிரைக் காத்தது' என்று வெட்டப்போகிறோம். இப்போது என்ன விலை சொல்வீர்?"

அம்பலவாணருக்கு வேர்த்துக் கொட்டியது. குறைத்துச் சொன்னால் தலை தப்பாது. கூட்டிச் சொன்னாலும் மன்னர் உயிருக்கு விலை வைத்ததாகிவிடும்.

"இதற்கு விலை சொல்ல யாரால் முடியும்!" என்று கும்பிட்டார்.

மன்னர் முகம் மலர்ந்தது. ஆனால் வீம்பு விடுமா? "துப்பாக்கி இருக்கட்டும். என் உத்தரவு உத்தரவுதான். இவன் போகட்டும்."

"போகட்டும் மகாராஜா. நடந்ததை முழுக்க வெட்டுவதுதானே நம் வழக்கம்? கரடி வந்தபோது மகாராஜா எங்கே இருந்தார் என்று ஆசாரி கேட்கிறார். பார்த்தவன் இவன் ஒருவன்தான். இங்கே சொல்லாவிட்டாலும், போகிற ஊரிலெல்லாம் 'ஏனப்பா துரத்தினார்கள்?' என்று கேட்பார்களே! பாவம், பொய் சொல்லத் தெரியாதவன்."

இருளாண்டி வாயைத் திறந்தான்.

"டேய், டேய்!" மன்னர் சிம்மாசனத்தை விட்டு எழுந்தேவிட்டார். "உன்னை யாரடா போகச் சொன்னது? ஆற்றங்கரை நஞ்சையை எழுதித் தருகிறேன், பேசாமல் இங்கேயே இரு!"

தாண்டவராயன் பணிவாகக் குனிந்தான். "ஆசாரி காத்திருக்கிறார், மகாராஜா. என்ன வெட்டச் சொல்ல?"

மன்னர் அவனை முறைத்தார். முறைக்க முறைக்கச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, விரல் மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தார்.

"'கரடி ஓடியது' என்று மட்டும் வெட்டச் சொல். மற்றதெல்லாம் ஊருக்கு எதற்கு?"