வையாபுரிக்கு வராத குரல்

கோயமுத்தூர் கணபதியில் சல்லடை செய்கிற கலாமணியின் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. சென்னையிலிருந்து ஏற்றுமதி ஏஜென்ட் பேசினார். தேனில் ஊறிய குரல். மேடத்தின் சல்லடையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சாம். இனி மேடம் எதற்கும் அலைய வேண்டாமாம். சரக்கு பட்டறை வாசலைத் தாண்டினால் போதுமாம், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வாராம்.

கலாமணி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"டீ ஆறுதுங்கண்ணா. உள்ள வாங்க" என்றார்.

வாசலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்த வையாபுரி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

வையாபுரிக்கு வயது ஐம்பத்திரண்டு. ஹோட்டல்களுக்குத் தேங்காய் துருவும் மெஷின் செய்கிறவர். எட்டுப் பேர் வேலை செய்கிற பட்டறை. ஒருமுறை காதில் விழுந்த குரல் அவர் தொண்டையில் குடியேறிவிடும். பேங்க் மேனேஜர் குரலில் பேசி, சொந்த மச்சினனை ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்தவர். மச்சினன் இன்னும் அந்த பேங்க் வழியாகப் போவதில்லை.

கலாமணி அவரைவிடப் பதினாலு வயது இளையவர். பன்னிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு ஏழு நாட்டு மாவு மில்களுக்குச் சல்லடை அனுப்புகிறார். ஏழு நாட்டிலிருந்தும் மறுபடி மறுபடி ஆர்டர் வருகிறது. இது எப்படி நடக்கிறது என்று வையாபுரி மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிடிபடவில்லை. குருவே என்று கூப்பிட்டால் டீ கிடைக்காது. அதனால் வாய்க்கு அம்மணி, மனசுக்குள் மட்டும் குரு.

அன்றைக்கு அவர் பையில் ஒரு தாள் இருந்தது.

நிஜமான ஏஜென்ட் அனுப்பிய தாள். ஆறு வருடமாக வையாபுரியின் மெஷினில் பாதிக்கு மேல் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். இனி ஐந்து வருடத்துக்கு வெளிநாடு போகிற மெஷின் எல்லாம் தன் வழியாக மட்டுமே போக வேண்டும், மெஷின் மேல் தன் கம்பெனி பெயர்தான் இருக்க வேண்டும், சம்மதித்தால் இரண்டு மடங்கு எடுப்பேன் என்று எழுதியிருந்தார். பொங்கலுக்குள் கையெழுத்து வராவிட்டால் வேறு பட்டறை பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொண்டால் வையாபுரியின் எட்டு ஆட்களில் நாலு பேருக்கு வேலை இருக்காது.

இதற்கு நடுவில், ஆப்பிரிக்காவில் மொம்பாசா என்கிற துறைமுக ஊரிலிருந்து ஒரு கடைக்காரர் எப்படியோ நம்பர் பிடித்து, எனக்கு நேரடியாகவே அனுப்புங்களேன் என்று கேட்டிருந்தார். தனியாக அனுப்பலாம். இல்லையென்றால், கலாமணியும் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்களும் பங்கு போட்டு ஒரே கன்டெய்னரில் சரக்கு அனுப்புகிறார்களே, அதில் சேர்ந்துகொள்ளலாம்.

"எந்த வழிங்க அம்மணி?"

கலாமணி வழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஆறு வருடத்தில் குறை என்று எத்தனை பேர் சொல்லியனுப்பினார்கள் என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்க." வையாபுரியின் நெஞ்சு நிமிர்ந்தது.

கலாமணி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்க வந்தவர் மாதிரி அவர் வையாபுரியைப் பார்த்தார். பிறகு, வழியில் இருக்கிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பேச வைக்கச் சொன்னார். கேட்டுவிட்டு முடிவு பண்ணலாமாம்.

வையாபுரிக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுந்து நின்றார்.

முதலில் அவர் தொண்டையில் ஏஜென்ட் வந்தார், வையாபுரியைச் சார் சார் என்று தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே தூத்துக்குடித் துறைமுகத்தில் தாள் பார்க்கிற கிளார்க். தாளில் ஒரு புள்ளி குறைந்தாலும் பெட்டி நகராதுல்லா என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கூட்டு கன்டெய்னரின் பங்காளி வால்வுக்காரர் வந்து, யார் பெட்டி மேல் யார் பெட்டி ஏறுவது என்று பெண் வீட்டுக்காரர் மாதிரி முறுக்கிக்கொண்டார். ஏற்றுமதிக் கருத்தரங்கில் பேசுகிறவர், வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன, நீங்கள்தான் குனிய வேண்டும் என்று குனிந்தே காட்டினார். சல்லடைக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கலாமணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அருமைங்கண்ணா. இன்னும் ஒருத்தர் பாக்கி."

"யாருங்க?"

"உங்க மெஷின்ல தேங்காய் துருவுறவங்க."

வையாபுரி தொண்டையைச் செருமினார். கரகரத்த குரலில், சட்னிக்கு நேரமாச்சு, மெஷினைப் போடப்பா என்றார்.

"இது காந்திபுரம் மெஸ்காரர். நான் கேட்டது மொம்பாசாவுல துருவுறவங்களை."

வையாபுரி வாயைத் திறந்தார். ஆண் குரலா பெண் குரலா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பட்டறையில் மறுபடி கம்பி இழுக்கும் சத்தம் கேட்டது.

கிளம்பும்போது, அடுக்கி வைத்திருந்த சல்லடைகளின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கலாமணியின் போன் நம்பர் பொறித்திருந்தது. மூன்று வருடமாகப் பார்த்த நம்பர்தான். மாடல் நம்பர் என்று நினைத்திருந்தார்.

இது எதற்கு என்று கேட்டார்.

கலாமணி வாசல்வரை கூட வந்தார். "நம்ம கன்டெய்னர்ல ஒரு மூலை காலியா இருக்குதுங்க. பத்து மெஷின் நிக்கும்" என்றார்.

திங்கட்கிழமை வையாபுரி ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். தன் மெஷின்களை வாங்குகிறவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டார். "அது உங்களுக்கு எதுக்கு சார்?" என்றது தேன் குரல். அந்த வாரமே மொம்பாசா கடைக்காரருக்குப் பத்து மெஷின்கள் சல்லடைகளுக்குப் பக்கத்தில் ஏறின. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பெயின்டர் ஒரு போன் படம் வரைந்து, கீழே வையாபுரியின் நம்பரை எழுதியிருந்தார்.

விஷயம் ஏஜென்ட் காதுக்குப் போனது. அடுத்த மாதம் பாதிதான் எடுத்தார். இரண்டு லேத் சும்மா நின்றன. ஆட்கள் ஏற்கெனவே துடைத்த மெஷினை மறுபடி துடைத்தார்கள். வையாபுரி யார் குரலிலும் பேசாமல் இருந்த மாதம் அது. மச்சினன் பயந்துபோய் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

மார்கழி பாதியில் போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது வையாபுரி கலாமணியின் பட்டறைக்கு வந்தார். டீயைத் தொடவில்லை. நடுவில் ஒரு மணையைப் போட்டுக் குந்தி உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். பேச ஆரம்பித்தார்.

பெண் குரல். யாருக்கும் புரியாத பாஷை. முதலில் தகரக் கூரையில் நாலு துளி விழுந்த மாதிரி. பிறகு கனத்த மழை. நடுவில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம், பெருமூச்சு, கையை விரித்து ஒரு கேள்வி. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி மழை. கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. வேண்டாவெறுப்பாக ஒரே ஒரு வரி மெல்ல வந்தது. முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கம்பி இழுக்கிறவர் ஒருவர், நாம என்ன தப்பு பண்ணிட்டோம் என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாருங்கண்ணா இவங்க?" கலாமணி தணிந்த குரலில் கேட்டார்.

"மவானைஷா. மொம்பாசாவுல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க."

மெஷின் வாங்கிய மொம்பாசா கடைக்காரரிடம் பதிவைப் போட்டுக் காட்டி அர்த்தம் கேட்டு வைத்திருந்தார் வையாபுரி. அந்தப் பக்கத்தில் தாழ்வான மணையில் உட்கார்ந்துதான் தேங்காய் துருவுவார்களாம். அந்தம்மாவும் மெஷினைத் தரையில்தான் வைத்திருக்கிறார். தரை கழுவும்போதெல்லாம் மோட்டாருக்குள் தண்ணீர் போகிறது. அடியில் செங்கல் வைத்தால் ஆடுகிறது. விரித்த கையோடு வந்த அந்தக் கேள்வி, உங்கள் வீட்டில் தரை கழுவுகிற வழக்கமே கிடையாதா என்பது.

"கடைசி வரி?"

"துருவல் பஞ்சு மாதிரி விழுதாம்." அதைச் சொல்லும்போது அவர் குரல் யார் மாதிரியும் இல்லை.

ஏஜென்ட் வழியாக ஆறு வருடம் போன மெஷின்களும் தரையில்தான் இருந்திருக்கும், எத்தனை செங்கல் ஆடியதோ என்றார். பிறகு பையிலிருந்து ஏஜென்ட்டின் தாளை எடுத்து விரித்தார். கையெழுத்துப் போடும் இடம் காலியாகவே இருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் மெஷினுக்கு அடியில் நாலு கால் வரைந்து, அஞ்சு அங்குலம் என்று எழுதியிருந்தது. முன்பக்கம் நாலு ஆட்களின் வேலை. பின்பக்கம் மவானைஷாவின் மெஷின்.

தாளை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கலாமணியின் முன்னால் வைத்தார்.

"நீங்க அன்னைக்கும் சொல்லலை. இன்னைக்காவது சொல்லுங்க அம்மணி. எந்த வழிங்க?"

கலாமணி தாளைத் தொடவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, புதுசாக ஒரு டம்ளர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தம்மா திட்டுனது எந்த வழியா வந்துதுங்கண்ணா?"